புதுப்பித்த பழைய பொம்மை: அடுத்து வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? அடையாளம் இடுவது எங்கே, எப்படி?

மஞ்சள் நிறத்தில் ஒரு பொம்மை வேன். நீளம் ஒரு சாண்கூட இருக்காது. பக்கவாட்டில் 'வீட்டாபிக்ஸ்' என்ற காலை உணவின் விளம்பரம். 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், மெக்கானோ நிறுவனம் தனது 'டிங்கி டாய்ஸ்' வரிசையில் இதைத் தயாரித்தது. அன்று கடையில் பிள்ளைகளுக்கு வாங்கித் தந்த விளையாட்டுச் சாமான். இன்று டிங்கி சேகரிப்பாளர்கள் தேடி அலையும் வண்டிகளில் ஒன்று.

இந்த வேனில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. இதே அச்சில் வார்த்த வேன், மெத்தை விளம்பரத்துடன் 'ஸ்லம்பர்லேண்ட்' வண்டியாகவும், கேக் விளம்பரத்துடன் 'லயன்ஸ்' வண்டியாகவும், செல்லப்பிராணி உணவு விளம்பரத்துடன் 'ஸ்ப்ராட்ஸ்' வண்டியாகவும் வந்திருக்கிறது. உடல் ஒன்றுதான். பெயின்ட்டும் ஸ்டிக்கரும்தான் வேறு. ஆனால் சந்தை மதிப்பில் இவை ஒன்றல்ல.

அப்படியென்றால், பெயின்ட் உதிர்ந்துபோன ஒரு ஸ்ப்ராட்ஸ் வண்டியைச் சுரண்டி, மஞ்சள் பெயின்ட் அடித்து, புதிதாக அச்சிட்ட வீட்டாபிக்ஸ் எழுத்தை ஒட்டினால்? பார்க்க அசலைப் போலவே இருக்கும். தன் வீட்டு அலமாரிக்காக ஒருவர் இதைச் செய்தால் அதில் தப்பு எதுவும் இல்லை. பொம்மை அவருடையது. ஆசையும் அவருடையது.

பிரச்னை தொடங்குவது அவருக்குப் பிறகுதான்.

ஏமாற்ற நினைக்காமலேயே ஏமாற்று நடப்பது எப்படி?

இப்படி நினைத்துப் பாருங்கள். வண்டியைப் புதுப்பித்தவர் நேர்மையானவர். நண்பர் கேட்கும்போது, "இது நான் பெயின்ட் அடிச்சது" என்று சொல்லியே கொடுக்கிறார். நண்பர் பத்து வருஷம் வைத்திருக்கிறார். அவர் காலமான பிறகு, பொம்மைகளைப் பற்றி எதுவுமே தெரியாத பிள்ளைகள் மொத்த அலமாரியையும் ஒரு வியாபாரிக்கு விற்கிறார்கள். வியாபாரி பார்க்கிறார். மஞ்சள் வண்டி, வீட்டாபிக்ஸ் எழுத்து. அரிய பொருள் என்று விலை போடுகிறார். வாங்குபவர் சேமிப்பிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுக்கிறார்.

இந்தக் கதையில் பொய் சொன்னவர் யாரும் இல்லை. ஆனாலும் கடைசியாக வாங்கியவர் ஏமாந்துவிட்டார். வாய்வழியாகச் சொன்ன தகவல், இரண்டு கை மாறியதும் காணாமல் போய்விட்டது. பொருள் மட்டும் மிச்சம்.

அதனால்தான் புதுப்பித்த பொம்மையின் உண்மை அந்தப் பொம்மையோடே பயணிக்க வேண்டும். பொருள் தானே பேச வேண்டும். அடையாளம் இடுவது என்றால் அவ்வளவுதான்.

பெரிய மாற்றம்தான் வேண்டும் என்றில்லை: சக்கரம், மேலங்கி போதும்

முழு வண்டிக்கும் பெயின்ட் அடித்தால்தான் பிரச்னை என்று நினைக்க வேண்டாம். சின்ன மாற்றமே பொம்மையின் இனத்தை மாற்றிவிடும்.

இங்கிலாந்தின் லெஸ்னி நிறுவனம் 1953-ல் தொடங்கிய 'மேட்ச்பாக்ஸ்' கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் உலோகச் சக்கரம், பிறகு சாம்பல் நிற பிளாஸ்டிக் சக்கரம், அதன் பிறகு கறுப்பு பிளாஸ்டிக் சக்கரம் என்று மாறிக்கொண்டே வந்தது. 1969-ல் வேகமாக ஓடும் 'சூப்பர்ஃபாஸ்ட்' சக்கரங்கள் வந்தன. ஒரே காரில் எந்தச் சக்கரம் இருக்கிறது என்பதை வைத்தே சேகரிப்பாளர்கள் அதன் காலத்தையும் அரிய தன்மையையும் கணக்கிடுகிறார்கள். ஆக, உடைந்த சக்கரத்துக்குப் பதிலாக வேறொரு காரின் சக்கரத்தைப் போட்டால், தொழிற்சாலையில் பிறக்காத ஒரு 'அபூர்வ வகை' நம் வீட்டு மேசையில் பிறந்துவிடும்.

அமெரிக்காவில் இதற்கு இன்னொரு உதாரணம். கென்னர் நிறுவனம் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காக 1978-ல் வெளியிட்ட சிறு உருவ பொம்மைகளில் 'ஜாவா' என்ற குள்ள உருவமும் ஒன்று. முதலில் வந்த ஜாவாவுக்கு வினைல் மேலங்கி. சீக்கிரமே அதை நிறுத்திவிட்டுத் துணி அங்கிக்கு மாறினார்கள். அதனால் வினைல் அங்கி ஜாவாதான் அரிது. அதே வரிசையில் வந்த இன்னொரு உருவத்தின் பெரிய வினைல் அங்கியை வெட்டி, ஜாவாவுக்கு மாட்டிவிடும் வேலையும் நடந்தது. ஒரு துண்டு வினைல்தான் சாதாரணத்துக்கும் அபூர்வத்துக்கும் நடுவே நிற்கிறது.

எதற்கு அடையாளம் வேண்டும், எதற்கு வேண்டாம்?

தூசி தட்டினால்கூடச் சீட்டு எழுத வேண்டுமா? வேண்டாம். ஒரு எளிய கோடு போட்டுக்கொள்ளலாம். பொம்மையில் புதிதாக ஏதாவது சேர்த்தீர்களா, அல்லது பழையது எதையாவது எடுத்தீர்களா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால் பதிவு வேண்டும்.

- சுத்தம் செய்தது: மென்மையான தூரிகை, ஈரத்துணி. அடையாளம் தேவையில்லை. குறிப்பில் ஒரு வரி போதும்.
- பழுது பார்த்தது: உடைந்த துண்டை ஒட்டியது, வளைந்த அச்சாணியை நிமிர்த்தியது. கட்டாயம் எழுத வேண்டும்.
- பாகம் மாற்றியது: டயர், சக்கரம், கண்ணாடி, துப்பாக்கி, தொப்பி, மேலங்கி. எந்தப் பாகம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.
- மறுசீரமைத்தது: பெயின்ட் அடித்தது, ஸ்டிக்கர் ஒட்டியது, விரிசலை நிரப்பியது. பொம்மையிலேயே அடையாளம் வேண்டும்.
- மாற்றியமைத்தது: தொழிற்சாலை தராத நிறம், தராத எழுத்து. முதலில் என்ன வண்டியாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.
- நகல் பெட்டி: பொம்மை அசல், பெட்டி புதிது. இதுவும் மறைக்கக் கூடாத தகவல்தான்.

மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி, புற ஊதா ஒளியில் வைத்து வெளுக்க வைக்கும் பழக்கமும் இருக்கிறது. பார்க்க எதுவும் சேர்க்கவில்லை, எடுக்கவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அது ரசாயன மாற்றம். சில காலம் கழித்து மஞ்சள் திரும்பவும் வரலாம். அடுத்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே ஏதாவது முறை இருக்கிறதா?

பொம்மைக் கார் சேகரிப்பாளர்களிடம் 'கோட்' என்ற வகைப்பாடு புழக்கத்தில் இருக்கிறது. நிறுவனமே செய்து முடித்து வெளியிட்டது கோட் 1. நிறுவனத்தின் அனுமதியோடு வெளியாள் மாற்றியது கோட் 2. அனுமதி இல்லாமல் தனியார் மாற்றியது கோட் 3. ஒருவர் "இது கோட் 3" என்று சொன்னால், விஷயம் தெரிந்தவருக்கு உடனே புரிந்துவிடும். ஆனால் இது பேச்சிலும் விற்பனைக் குறிப்பிலும் இருக்கும் சொல். வண்டியிலேயே எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மற்ற சேகரிப்புத் துறைகள் இதில் கொஞ்சம் முன்னே போய்விட்டன. அமெரிக்காவில் காமிக்ஸ் புத்தகங்களைத் தரம் பிரித்து உறையிட்டுத் தரும் சி.ஜி.சி நிறுவனம், புதுப்பிக்கப்பட்ட புத்தகங்களுக்கு ஊதா நிற லேபிள் போடுகிறது. நிறத்தைப் பார்த்தாலே வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். தபால்தலை உலகில், பரிசோதித்த நிபுணர் தலையின் பின்பக்கத்தில் சிறிய முத்திரை வைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நாணயங்களைப் போல நகல் செய்தால் அதில் 'காப்பி' என்ற சொல் நிரந்தரமாகப் பதிந்திருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1973-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் வரம்பில் பொம்மைகள் வரவில்லை.

அருங்காட்சியகங்களின் பாடமும் கைகொடுக்கும். சேதமடைந்த ஓவியங்களைச் சீர்செய்வது பற்றி இத்தாலிய அறிஞர் சேசரே பிராந்தி ஒரு வழி சொன்னார். புதிதாகச் சேர்க்கும் பகுதி, தூரத்திலிருந்து பார்த்தால் ஓவியத்தோடு ஒன்றிப்போக வேண்டும். கிட்டே போய்ப் பார்த்தால் இது புதிது என்று தெரிய வேண்டும். 1963-ல் வெளியான அவரது நூல் இன்றும் இந்தத் துறையில் பேசப்படுகிறது. அலமாரியில் அழகாக இருக்கட்டும், கையில் எடுத்தால் உண்மை தெரியட்டும். பொம்மைக்கும் இதே பேச்சுதான்.

அடையாளத்தை எங்கே இடுவது?

ஒரே விதியாகச் சொன்னால்: பார்த்தவுடன் கண்ணை உறுத்தக் கூடாது, தேடினால் கட்டாயம் கிடைக்க வேண்டும்.

டிங்கி, மேட்ச்பாக்ஸ் போன்ற உலோகக் கார்களில் உடலும் அடித்தட்டும் ரிவெட் அடித்து இணைக்கப்பட்டிருக்கும். புதுப்பிப்பவர்கள் அந்த ரிவெட்டைத் துளைத்து எடுத்துத்தான் வண்டியைப் பிரிக்கிறார்கள். வேலை முடிந்ததும் திருகாணியோ பசையோ வைத்து மூடுகிறார்கள். பலர் கூரையின் உட்புறத்தில் கையெழுத்திட்டுவிட்டு மூடிவிடுகிறார்கள். அதனால் என்ன பயன்? வண்டியைப் பிரித்தால்தான் தெரியும். கடையில் நிற்கும் ஆள் வண்டியைப் பிரிக்க முடியுமா? வீட்டுப் பத்திரத்தைச் சுவருக்குள் வைத்துப் பூசியது போலத்தான்.

அதனால் பிரிக்காமலே பார்க்கக்கூடிய இடம் வேண்டும். அடித்தட்டின் ஓரம், சக்கரத்துக்குப் பின்னால் உள்ள உட்பகுதி, திறக்கும் கதவின் உள்பக்கம் போன்ற இடங்கள் பொருத்தமானவை. துணி பொம்மை, கரடி பொம்மைக்குத் தையல் ஓரம். தகரப் பொம்மைக்கு அடிப்பாகத்தின் உட்புறம்.

இரண்டாவது விதி இன்னும் முக்கியம். புதிதாகச் சேர்த்ததில் அடையாளத்தை நிரந்தரமாகப் போடுங்கள். பழையதில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய வகையில் போடுங்கள். நீங்கள் அடித்த பெயின்ட், நீங்கள் வார்த்த பம்பர், நீங்கள் அச்சிட்ட பெட்டி ஆகியவை உங்களுடையவை. அவற்றில் செதுக்கினாலும் வரலாற்றுக்கு நஷ்டமில்லை. ஆனால் 1950-களின் அசல் அடித்தட்டில் ஊசியால் கீறினால், நேர்மைக்காகச் செய்தாலும் அது சேதம்தான்.

மாற்றுப் பாகங்களை வார்த்து விற்பவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. அச்சிலேயே உட்புறமாக ஒரு எழுத்தைச் சேர்த்துவிட்டால், அந்தப் பாகம் எத்தனை வண்டி மாறினாலும் தான் நகல் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நகல் பெட்டி செய்பவர்கள் 'நகல்' என்ற சொல்லை மடிப்பில் மட்டும் அச்சிட்டால், அதை ஒரு கத்தரிக்கோல் வெட்டி எறிந்துவிடும். பெட்டியின் உள்சுவரில் அச்சிடுவதே பாதுகாப்பு.

எதனால் எழுதுவது? எதைத் தொடவே கூடாது?

முதலில் வேண்டாதவை. செல்லோ டேப் வேண்டாம், அதன் பசை மஞ்சளாகிக் கறை விடும். அச்சிட்ட தகரத்தின் மேல் ஒட்டும் லேபிள் வேண்டாம், உரிக்கும்போது பழைய வண்ணத்தையும் சேர்த்து உரித்துவிடும். வினைல், ரப்பர் பொம்மைகளில் மார்க்கர் பேனா வேண்டவே வேண்டாம். மை உள்ளே ஊறிப் பரவும், பிறகு எடுக்கவே முடியாது.

உலோகப் பொம்மையின் அசல் பாகத்தில் எழுத, அருங்காட்சியகங்களில் பின்பற்றும் முறை ஒன்று இருக்கிறது. 'பாரலாய்டு பி-72' என்ற தெளிவான அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரைத்து, மறைவான இடத்தில் ஒரு மெல்லிய பூச்சு. அது காய்ந்ததும் அதன் மேல் நிறமி மையால் எழுத்து. அதன் மேல் இன்னொரு பூச்சு. பின்னாளில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் மொத்தமும் வந்துவிடும்.

ஆனால் எச்சரிக்கை: அசிட்டோன் பல வகைப் பிளாஸ்டிக்கையும் பழைய செல்லுலாய்டு பொம்மையையும் கரைத்துவிடும். பெயின்ட்டையும் இளக்கும். ஆகவே இந்த முறை பெயின்ட் இல்லாத உலோகத்துக்கு மட்டும். பிளாஸ்டிக் பொம்மையென்றால், அடையாளத்தைப் பெட்டியிலும், பருத்தி நூலில் கட்டிய சிறு அட்டையிலும் வைப்பதே நல்லது. துணி பொம்மைக்குப் பருத்தி நாடாவில் எழுதி, தளர்வாக இரண்டு தையல் போட்டால் போதும். காகிதத்திலும் அட்டைப்பெட்டியின் உட்புறத்திலும் எழுதச் சாதாரண பென்சிலே சிறந்தது.

சிலர் கண்ணுக்குத் தெரியாத யு.வி பேனாவால் எழுதுகிறார்கள். கூடுதல் பாதுகாப்புக்கு அது சரி. அதை மட்டும் நம்பக் கூடாது. யு.வி விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், எழுதியும் எழுதாததும் ஒன்றுதான். ஒளியில் அந்த மை மங்கவும் கூடும்.

என்ன எழுத வேண்டும்?

ஒற்றை எழுத்து போதாது. ஆங்கில 'ஆர்' மட்டும் போட்டால் அது மறுசீரமைப்பா, நகலா, பதிவு செய்த முத்திரையா என்று 30 வருஷம் கழித்துப் பார்ப்பவர் குழம்புவார். இடம் இருந்தால் 'ரெஸ்டோர்டு' என்ற முழுச் சொல், ஆண்டு, செய்தவரின் முதலெழுத்துகள் ஆகிய மூன்றும் வேண்டும். ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுத வேண்டும். வெறும் '54' என்று இருந்தால், தயாரித்த ஆண்டா புதுப்பித்த ஆண்டா என்ற சந்தேகம் வரும்.

மாற்றியமைத்த வண்டியென்றால் இன்னொரு தகவல் சேர வேண்டும்: முதலில் அது என்னவாக இருந்தது? மேலே சொன்ன மஞ்சள் வேனில் 'முன்பு ஸ்ப்ராட்ஸ்' என்ற இரண்டே சொற்கள் இருந்திருந்தால், கடைசியாக வாங்கியவரின் பணம் பிழைத்திருக்கும்.

பொம்மையோடு போக வேண்டிய சீட்டு

பொம்மையில் இருக்கும் அடையாளம் கதவைத் தட்டும். முழு விவரத்தைச் சொல்வது சீட்டுதான். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இவை இருந்தால் போதும்:

- பொம்மையின் பெயர், தயாரிப்பு எண், அடித்தட்டில் உள்ள எழுத்துகள்
- வாங்கியபோது இருந்த நிலை, எல்லாப் பக்கமும் தெரியும் புகைப்படங்கள்
- பிரித்த பிறகும், வேலை முடிந்த பிறகும் எடுத்த படங்கள்
- மாற்றிய பாகங்களின் பட்டியல்: எது அசல், எது வேறொரு பொம்மையிலிருந்து வந்தது, எது புதிய நகல்
- பயன்படுத்திய பெயின்ட், பசை, நிரப்பியின் வகை
- அடையாளம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு
- வேலை செய்த ஆண்டு, செய்தவர் பெயர்

படங்கள் போனில் மட்டும் இருந்தால் போனோடு போய்விடும். பிரின்ட் எடுத்துப் பெட்டியில் வையுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் குப்பையில் போடாதீர்கள். உடைந்த சக்கரமோ கிழிந்த ஸ்டிக்கரோ, சிறிய பாலித்தீன் பையில் போட்டுப் பொம்மையோடு சேர்த்துவிடுங்கள். பி.வி.சி பை வேண்டாம், நாளடைவில் அது கெட்டு உள்ளே இருப்பதையும் கெடுக்கும்.

முடிந்தால், அடித்தட்டின் ஒரு மூலையில் பழைய பெயின்ட்டை அப்படியே விட்டுவிடுங்கள். அசல் நிறம் என்ன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பணம் மட்டுமா? பாதுகாப்பும்தான்

பழைய பொம்மைகளின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் நுகர்வோர் பெயின்ட்டில் ஈயத்துக்குத் தடை வந்ததே 1978-ல்தான். மேலே புது பெயின்ட் அடித்துவிட்டால், அடியில் பழைய பெயின்ட் இருப்பது தெரியாது. பேரப்பிள்ளைக்குக் கொடுத்தால் வாயில் வைக்கும், கீறும். 'பழைய பெயின்ட் மேல் அடித்தது, காட்சிக்கு மட்டும்' என்ற ஒரு வரி அங்கே உதவும்.

இன்னொன்று, துத்தநாகக் கலவையில் வரும் நோய். ஈயம் போன்ற அசுத்தங்கள் கலந்த உலோகத்தில் வார்த்த பழைய பொம்மைகள், ஆண்டுகள் செல்லச் செல்ல உப்பி, விரிசல் விட்டு, பொடிப்பொடியாக உதிரும். போருக்கு முந்தைய டிங்கி வண்டிகளில் இது பெயர்போன பிரச்னை. விரிசலை எபாக்சி வைத்து நிரப்பி மேலே பெயின்ட் அடித்தால் புத்தம் புதிதாகத் தெரியும். உள்ளே நோய் அப்படியே இருக்கும். வாங்கிய சில வருஷத்தில் மறுபடி விரிந்தால், வாங்கியவர் தன் பராமரிப்பைத்தான் நொந்துகொள்வார்.

இந்தியாவில் இதற்கு என்ன இடம்?

டிங்கிக்கும் இந்தியாவுக்கும் நேரடித் தொடர்பே உண்டு. டிங்கியின் அச்சுகள் சில 1960-களின் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்தன. அவற்றில் வார்த்த வண்டிகள் 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் விற்பனையாயின. லிவர்பூல் வண்டிகளின் நேர்த்தி இவற்றின் பெயின்ட்டில் இருக்காது. அந்தச் சொரசொரப்புதான் இவற்றின் அடையாளமே. இதைப் 'பளிச்' என்று ஆக்குகிறேன் என்று பெயின்ட் அடித்தால், கல்கத்தாவில் செய்ததற்கான தடயமே அழிந்துபோகும். அப்படி அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், எழுதி வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? விவரிப்பை நம்பிப் பொருள் விற்கப்பட்டால், பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்துப்போக வேண்டும் என்கிறது 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். பொருளின் தரம், வகை பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆனால் மறுவிற்பனைக்காக வாங்குபவர் அந்தச் சட்டத்தில் நுகர்வோராகக் கருதப்பட மாட்டார்.

சேகரிப்பாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவில், வெறுமனே பேசாமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது என்கிறது. பேச வேண்டிய கடமை இருக்கும்போதும், மௌனமே பேச்சுக்குச் சமமாக இருக்கும்போதும்தான் விதிவிலக்கு. 19-வது பிரிவு, சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலையில், அப்படிப்பட்ட மௌனத்தைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது. அதாவது விற்பவர் வாயே திறக்காவிட்டால், வாங்கியவர் வழக்கில் ஜெயிப்பது கஷ்டம். சட்டம் விட்டுவைத்த இந்த இடைவெளியைத்தான் பொம்மையில் இருக்கும் அடையாளம் நிரப்புகிறது. விற்பவர் பேசாவிட்டாலும் பொருள் பேசும்.

"அடையாளம் போட்டால் விலை குறையுமே?"

குறையலாம். அசலின் விலை புதுப்பித்ததற்குக் கிடைக்காது. ஆனால் அடையாளம் இல்லாததால் கிடைக்கும் அந்தக் கூடுதல் விலை உண்மையில் யாருடையது? ஏமாந்த ஒருவரின் பணம் அது. இன்னொரு பக்கமும் உண்டு. நல்ல கை வேலைக்குத் தனி மதிப்பு இருக்கிறது. யார் செய்தது, எப்போது செய்தது, என்ன செய்தது என்று சீட்டோடு வரும் வண்டியை, கேள்விக்குறியோடு வரும் வண்டியைவிட நம்பி வாங்கலாம்.

"துடைத்துவிட்டு விற்க மாட்டார்களா?" என்ற கேள்வியும் நியாயமானதே. துடைக்கலாம். அதனால்தான் ஒரே இடத்தில் வைக்காமல், புதிய பாகத்தில் நிரந்தரமாக ஒன்று, அசலில் எடுக்கக்கூடியதாக ஒன்று, சீட்டிலும் படத்திலும் ஒன்று என்று பிரித்து வைக்கச் சொல்வது. எல்லாவற்றையும் தேடித் துடைப்பவர் தெரிந்தே செய்கிறார். அவரைத் தடுக்க எந்தப் பேனாவாலும் முடியாது. ஆனால் தெரியாமல் நடக்கும் ஏமாற்றத்தைத் தடுக்க இது போதும்.

வாங்கப் போகிறவர்கள் என்ன பார்க்க வேண்டும்?

அடையாளம் இல்லை என்பதால் பொம்மை அசல் என்று முடிவு கட்டக் கூடாது. வெளுத்ததெல்லாம் பால் இல்லை.

- ரிவெட்: அடித்தட்டில் துளைத்த தடமோ, திருகாணியோ, பசையோ தெரிகிறதா?
- தேய்மானம்: உடல் புதிதாக, அச்சாணி மட்டும் துருப்பிடித்து இருக்கிறதா? பெயின்ட் தேய்ந்திருந்து, டயர் மட்டும் புதிதா? வயது ஒத்துப்போக வேண்டும்.
- மூலைகள்: எழுத்துகள், கோடுகளின் பள்ளத்தில் பெயின்ட் தடிமனாகத் தேங்கியிருந்தால், மேல் பூச்சு இருக்கலாம்.
- யு.வி டார்ச்: காகிதத்துக்கு வெண்மை கூட்டும் ரசாயனங்கள் 1950 வாக்கில்தான் பரவலாயின. அதற்கு முந்தையது என்று சொல்லப்படும் பெட்டி யு.வி ஒளியில் நீலமாகப் பளிச்சிட்டால் சந்தேகப்படுங்கள். பெயின்ட் ஒரே மாதிரி ஒளிராமல் திட்டுத்திட்டாகத் தெரிந்தாலும் கேளுங்கள்.
- எடை: நகல் பாகங்களை வேறு உலோகத்திலோ பிசினிலோ வார்ப்பார்கள். கையில் வித்தியாசம் தெரியும்.

கடைசியாக, விற்பவரிடம் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "இதில் பெயின்ட், பாகம், ஸ்டிக்கர், பெட்டி ஏதாவது மாற்றப்பட்டதா?" வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலைச் சேமித்தாலும் சரி. கேள்வி கேட்டுவிட்டால், மௌனத்துக்குப் பின்னால் ஒளிய இடம் கிடையாது. "தெரியாது" என்பதும் ஒரு பதில்தான். அதற்கு ஏற்ற விலையைப் பேசுங்கள்.

வாங்கி வந்த பிறகு, உங்கள் முறை. அந்தப் பொம்மையும் ஒருநாள் உங்கள் அலமாரியை விட்டு இறங்கும். அன்று பதில் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். பெட்டிக்குள் மடித்து வைத்த அந்த ஒரு பக்கச் சீட்டு இருக்கும்.